முகூர்த்தத் தட்டுக்கு மணி அடிக்கக் கூடாது

ஆவணி மாதத்து இரண்டாம் வெள்ளிக்கிழமை காலை பத்து மணி பதினெட்டு நிமிடத்துக்கு எங்கள் ஜவுளிக்கடையிலிருந்து ஐந்து பட்டுச் சேலைகள் பில் போடாமல் வாசலைத் தாண்டிப் போயின. கேமராவின் கடிகாரப்படி அது பத்து இருபத்திரண்டு. அந்தக் கடிகாரம் நான்கு நிமிடம் முந்தி ஓடுவதை ஆனி மாதமே குறித்து வைத்திருந்தேன். திருத்தச் சொல்லி இரண்டு முறை எழுதியும் கொடுத்திருந்தேன்.

நான் அந்தக் கடையின் பட்டுத் தளத்துக்கு மேனேஜராக இருந்தவன். வீடு பசுமலையில். கல்லூரியில் வரலாறு படித்தேன். கிடைத்த வேலை சேலை விரிப்பது. விட்டுப்போன படிப்புக்கு ஈடாகத் தினமும் ஒரு பக்கம் எழுதும் பழக்கம் வந்தது. எந்தக் கிழமை, எந்தத் திதி, எத்தனை கல்யாண வீட்டார் வந்தார்கள், வாசல் மணி எத்தனை தடவை அடித்தது, ஏன் அடித்தது என்று எழுதுவேன். கீழே இருப்பவை அந்தக் குறிப்புகளிலிருந்து வந்தவை. ஒரே ஒரு மத்தியானத்தை மட்டும் நான் அப்போது எழுதவில்லை. அதை நினைவிலிருந்துதான் எழுத வேண்டியிருக்கிறது.

முந்தைய வருடம் கல்யாண சீசனில் கும்பல் கும்பலாக வந்து திருடினார்கள். தனி ஆள் திருட்டு வேறு. தனி ஆளுக்குக் கை நடுங்கும், முகம் வியர்க்கும். கும்பலில் யாருக்கும் எதுவும் ஆகாது. எட்டுப் பேர் வருவார்கள். ஒருத்தி மாம்பழக் கலர் கேட்பாள், ஒருத்தி அதே கலரில் சின்ன பார்டர் கேட்பாள், மூன்றாவது ஆள் தண்ணீர் கேட்பாள். விரித்த சேலைகள் இடுப்பளவு குவிந்த பிறகு, எது போயிற்று என்பது சாயங்காலம் மடிக்கும்போதுதான் தெரியும். அந்த மடிப்பு நேரத்தில் பட்டுத் தளத்துப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் வேலை செய்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு சேலை குறைந்தால் தளத்தில் இருந்த எல்லோர் மேலும் சந்தேகம் விழும்.

அதனால் முதலாளியிடம் ஆறு மாதம் பேசி, பாதுகாப்பு ஏற்பாட்டைக் கொண்டுவந்தவன் நானே. பட்டில் ஊசி குத்தக் கூடாது என்பதால் சேலைக் குஞ்சத்தில் நூல் போட்டு டேக் கட்டினோம். பில் போடும் இடத்தில் ஒரு காந்தத்தில் வைத்தால்தான் டேக் கழன்று வரும். கழற்றாமல் போனால் வாசலில் நிற்கும் இரண்டு கம்பங்களும் அலறும்; அதைத்தான் வாசல் மணி என்போம். தளத்துக்கு ஆறு கேமரா. போலீஸில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பாதுகாப்பு அதிகாரியாக வந்தார். ஆடியில் கடையின் கீழ்த்தளத்தில் இரண்டு நாள் எல்லோருக்கும் பயிற்சி கொடுத்தார். வாடிக்கையாளர் உட்கார்ந்ததும் கண்ணைப் பார்த்து வணக்கம் சொல்ல வேண்டும், ஒரே நேரத்தில் நான்கு சேலைக்கு மேல் விரிக்கக் கூடாது, பில் போடாத சேலை நம் கையை விட்டுப் போகக் கூடாது. சந்தேகமான கூட்டம் வந்தால் மைக்கில் "தண்ணி கேன் வந்திருக்கு" என்று சொல்ல வேண்டும்.

முதல் வாரமே மைக்கில் அந்த வார்த்தை கேட்டு நான்கு காவலாளிகள் மாடிப்படியில் ஓடினார்கள். மேலே நிஜமாகவே தண்ணீர் கேன்காரர் தோளில் கேனோடு நின்றார்.

"அண்ணே, கேனை எறக்கி வச்சுட்டுப் போயிருதேன். சுத்தி நிக்காதீங்க, பயமா இருக்கு" என்றார்.

பட்டுத் தளத்தில் சிரித்துச் சிரித்து உட்கார்ந்தே விட்டவள் ஒரு விற்பனைப் பெண். அவளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். செக்கானூரணி தாண்டி ஒரு கிராமம். அப்பா முன்பு அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர், இப்போது சொந்தமாக அரை ஏக்கரில் கத்தரி போடுகிறார். அவர்கள் வீட்டில் கழுத்தில் அடையாள அட்டை மாட்டி வேலைக்குப் போன முதல் ஆள் அவள். நான்கு வருடத்தில் ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை; என் குறிப்பில் இருக்கிறது. என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

இந்த இடத்தில் எங்கள் கடையின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். முகூர்த்தச் சேலை எடுத்தால் அதைப் பித்தளைத் தட்டில் வைத்து, வெற்றிலை, பழம், பூவோடு தளத்து மூலையில் உள்ள சாமி படத்துக்கு முன் காட்டி, வீட்டுப் பெரிய பெண்மணி கையில் கொடுப்போம். அந்தத் தட்டு நல்ல நேரத்துக்குள் கை மாற வேண்டும். டேக் முறை வந்த புதிதில், பில் போடும் இடத்தில் கழற்ற மறந்த ஒரு தட்டு வாசலைத் தாண்டும்போது கம்பம் அலறிவிட்டது. கல்யாணப் பெண்ணின் தாய் அங்கேயே தட்டோடு நின்று அழுதார். முகூர்த்தத் தட்டுக்கு வாசலில் அலறினால் என்ன சகுனம் என்று யாரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. மொத்த ஜவுளியையும் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "இனி எந்தக் காலத்துலயும் முகூர்த்தத் தட்டுக்கு மணி அடிக்கக் கூடாது. என்னா செய்வீங்களோ செய்ங்க" என்றார்.

நான் செய்தது இதுதான். இன்னொரு காந்தம் வாங்கி, சாமி படத்துக்குக் கீழே இழுப்பறையில் வைத்தேன். தட்டில் வைக்கும் முன்பே டேக்கை அங்கே கழற்றிவிட வேண்டும். தட்டு கை மாறிய பிறகு, அவர்களே பில் போடும் இடத்துக்குப் போவார்கள். இதைப் பாதுகாப்பு அதிகாரிக்கு நான் சொல்லவில்லை. சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று தெரியும். அவர் பயிற்சியில் தந்த அச்சிட்ட விதிகளிலும் அது இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை வந்தவர்கள் ஏழு பேர். ஒன்பதே முக்காலுக்கு வந்தார்கள். வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்குத் தொடங்குகிறது. ஏன் அந்த நேரத்துக்கு வந்தார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. ஒரே நேரத்தில் நாலு சேலைக்கு மேல் விரிக்கச் சொல்லவில்லை, விலை கேட்கவில்லை. அவர்களில் பெரியவளான அம்மாள் நெற்றி நிறைய குங்குமத்தோடு, எங்கள் விற்பனைப் பெண்ணின் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சினாள்.

"ஏத்தா, ஒனக்குக் கல்யாணம் ஆகிருச்சா?"

"இல்லைங்கம்மா."

"எங்க பையன் ஒருத்தன் இருக்கான். சேலை மடிக்க மட்டும் தெரியாது. நீ பழக்கி விட்டுருவ."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஐந்து சேலைகள் தேர்வாயின. பத்து மணி பத்து நிமிடத்துக்கு அந்த அம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "ஆத்தி, ராகு காலம் பொறக்கப் போகுது, தட்டைக் குடு ஆத்தா" என்றாள். பெண் இழுப்பறைக் காந்தத்தை எடுத்து ஐந்து டேக்குகளையும் கழற்றினாள். தட்டு சாமிக்குக் காட்டப்பட்டு அவர்கள் கைக்குப் போயிற்று.

பில் போடும் இடத்தில் முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். அம்மாள் அதைப் பார்த்தாள்.

"வண்டி வாசல்லதான் நிக்குது. பத்தரைக்குள்ள தட்டை வண்டியில வச்சுருதோம். எங்க வீட்டுக்காரரு பில்லுக்கு நிக்காரு பாரு."

வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் வரிசையில் நின்று கையைத் தூக்கிக் காட்டினார்.

பெண் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பத்தடி தள்ளித் தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். கையில் இன்னொரு வாடிக்கையாளரின் மாதிரித் துணி இருந்தது. அவள் கண்ணில் கேள்வி இருந்தது. நான் தலையை ஆட்டினேன். குடுத்துவிடு என்று அர்த்தம். அவள் வழி விட்டாள்.

அவர்கள் படியிறங்கியபோது தட்டை ஏந்தியவளின் நடை ஒரு மாதிரி வேகமாக இருந்ததாக எங்கள் பெண் பிறகு சொன்னாள். கூப்பிடலாமா என்று வாய் வரை வந்ததாம். முகூர்த்தத் தட்டோடு போகிறவர்களைப் பின்னாலிருந்து எப்படிக் கூப்பிடுவது? கீழே வாசலில் நின்ற காவலாளியும் அதையேதான் சொன்னார். "தட்டோட போறாக. எங்க போறீகன்னு கேட்டா வெளங்குமா சார்?" கம்பங்கள் மௌனமாக இருந்தன. பத்தரைக்குப் பார்த்தபோது வரிசையில் வெள்ளை வேட்டிக்காரரும் இல்லை.

இனி வருவது நான் எழுதாமல் விட்ட மத்தியானம்.

பாதுகாப்பு அறையில் முதலாளி, அதிகாரி, அந்தப் பெண், நான். திரையில் காட்சியை நான்கு தடவை ஓட்டினார்கள். அவள் டேக்கைக் கழற்றுவது தெளிவாகத் தெரிந்தது. தட்டைக் கொடுப்பது தெரிந்தது. அதன் பிறகு அவள் திரும்பிக் படத்தில் தெரியாத யாரையோ பார்க்கிறாள். தூண் மறைத்ததால் நான் அந்தப் படத்தில் எங்குமே இல்லை.

அதிகாரி காட்சியை அங்கே நிறுத்தினார்.

"யாரைப் பாக்குது இந்தப் பிள்ளை? அங்க ஒருத்தன் நிக்கான். இது சிக்னல். உள்ளாள் இல்லாம இம்புட்டு நேக்கா நடக்காது."

"மேனேஜர் அண்ணனைத்தான் பாத்தேன்" என்றாள் அவள். சாதாரணமாகச் சொன்னாள், மணி என்ன என்று கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோல. "அவுகதான் குடுக்கச் சொல்லித் தலையாட்டுனாக."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "என்ன சார்?"

தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இந்த ஏற்பாட்டையெல்லாம் கொண்டுவந்தவன் என்று முதலாளி ஊர் வியாபாரிகளிடம் என்னைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தார். உள்ளாள் என்ற வார்த்தை அந்த அறையில் இன்னும் யார் மேலும் முழுதாக இறங்காமல் நின்றது. இவையெல்லாம் காரணங்கள் என்று சொல்லவில்லை. அந்த நொடியில் இவைதான் என் தலைக்குள் இருந்தன.

"கூட்டமா இருந்துச்சு. நான் கவனிக்கல" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். காலையில் பார்த்த அதே பார்வைதான் என்று நினைக்கிறேன். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது காந்தம் யார் வைத்தது என்று அதிகாரி கேட்டார். கடை வழக்கம் என்றேன். முதலாளி வாய் திறக்கவில்லை. கூட்டாளிகளின் பெயரைச் சொல்ல அவளுக்கு இரண்டு நாள் தருவது, சொல்லாவிட்டால் திங்கட்கிழமை ராகு காலம் கழிந்து ஒன்பது மணிக்கு அவள் பெயரைப் போட்டே போலீஸில் புகார் கொடுப்பது என்று முடிவாயிற்று. அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலையில் வந்து கீழ்த்தளத்துப் பயிற்சி அறையில் உட்கார வேண்டும்.

அவள் வந்தாள். வராமல் இருந்தால் திருடி என்று ஆகிவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு முன்பே வந்து, ஆடியில் கண்ணைப் பார்த்து வணக்கம் சொல்லப் பழகிய அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்று மாடியிலிருந்து கீழே ஏழு தடவை இறங்கினேன். ஏழு தடவையும் கிடங்கில் ஏதோ வேலை இருப்பதுபோல அந்த அறையைத் தாண்டிப் போனேன். மேலே வாடிக்கையாளர்களுக்குச் சேலை விரிக்கும்போது ஒருவர் நீலம் கேட்டார், பச்சையை விரித்தேன்.

அன்று மத்தியானம் அதிகாரி தன் ஆள் ஒருவரை அவள் ஊருக்கு அனுப்பினார். அவர் நேரே வீட்டுக்குப் போகவில்லை. பஸ் நிறுத்தத்து டீக்கடையில் நின்று, இந்த வீட்டில் புதிதாகப் பட்டுச் சேலை கண்டதுண்டா, நகை ஏதும் வாங்கினார்களா என்று நாலு பேரிடம் விசாரித்திருக்கிறார். திரும்பி வந்து, ஒன்றும் இல்லை என்று அறிக்கை கொடுத்தார். அவர் கேட்டதே அந்த ஊருக்குப் போதுமானதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஒரு டீயை வாங்கிக்கொண்டு அறைக்குள் போனேன். டீயை மேசையில் வைத்தேன்.

"குடிம்மா."

அவள் எடுக்கவில்லை. "நேத்துக் கடையில இருந்து ஊருக்கு ஆள் வந்திருக்கு. எங்கப்பா இன்னைக்குக் கத்தரிக்காயை மார்க்கெட்டுக்குக் கொண்டு வரல" என்றாள். "டீக்கடையத் தாண்டித்தான பஸ்ஸுக்கு வரணும்."

"நான் முதலாளிகிட்டப் பேசுறேன்."

"என்னான்னு பேசுவீங்க சார்?"

அறையை விட்டு வெளியே வந்தேன். கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று குறிப்பில் இல்லை. அங்கே நின்று ஒவ்வொரு வழியாக யோசித்துப் பார்த்தேன். கும்பல் வேறு எங்காவது மாட்டிக்கொள்ளலாம். முதலாளி மனம் மாறலாம். கேமராப் பதிவு அழிந்து போகலாம். எல்லாமே வேறு யாரோ செய்ய வேண்டியவை. நான் செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. அதை அன்றும் நான் செய்யவில்லை.

திங்கட்கிழமை எட்டு ஐம்பதுக்கு முதலாளியின் அறையில் புகார்க் கடிதம் தட்டச்சாகி மேசையில் இருந்தது. அவள் பெயரும் ஊரும் அப்பா பெயரும் அதில் இருந்தன. அப்பா பெயருக்குப் பக்கத்தில் கூலித் தொழிலாளி என்று போட்டிருந்தார்கள். அது தவறு. அவர் இப்போது விவசாயி. அந்தத் தவறைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேறொன்று வந்தது.

"அந்தப் பிள்ளை என்னையத்தான் பாத்துச்சு. நான்தான் குடுத்து விடச் சொல்லித் தலையாட்டுனேன். காந்தத்தை வச்சதும் நான்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "வெள்ளிக்கிழமை கவனிக்கலைன்னீங்க."

"பொய் சொன்னேன்."

"எதுக்கு?"

முதலாளி நெற்றியைத் தேய்த்தார். "மணி அடிக்கக் கூடாதுன்னுதான்யா சொன்னேன். பில்லு போடாம அனுப்புன்னா சொன்னேன்?" என்றார். அவர் சொன்னதும் சரிதான். பிறகு மெதுவாக, "ரெண்டு நாளு அந்தப் பிள்ளைய ஒக்கார வச்சுட்டீங்களேய்யா, என்னையவும் சேத்துப் பாவத்துல இழுத்துட்டீங்க" என்றார். அதிகாரி கடிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார். அவருக்கு என்மேல் சந்தேகம் இப்போதுதான் ஆரம்பித்திருந்தது. அதையும் நேராகச் சொன்னார்: "இனி உங்களை விசாரிக்கணும் சார். தப்பா நினைக்கக் கூடாது."

அவளையும் கூட்டிக்கொண்டு நால்வரும் காவல் நிலையம் போனோம். அடையாளம் தெரியாத ஏழு பேர் மேல் புகார். அவள் சாட்சி. என்னை விசாரிக்க வேண்டிய ஆள் என்று குறித்துக்கொண்டார்கள். வாக்குமூலம் எழுதிய எழுத்தர் பொறுமையான மனிதர்.

"தலையை ஆட்டுனீங்க. சரி. எந்தப் பக்கமா ஆட்டுனீங்க? மேலயும் கீழயுமா, சைடுலயா? நம்ம ஊர்ல ரெண்டுக்கும் சரின்னுதான் அர்த்தம். எழுதும்போது தெளிவா எழுதணும்."

நான் ஆட்டிக் காட்டினேன். காவல் நிலையத்து நடுவில், மூன்று பேர் பார்க்க, அந்தத் தலையசைப்பை இன்னொரு முறை செய்தேன். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் முதலாளி அவளிடம், நாளையிலிருந்து வேலைக்கு வரலாம் என்றார். என்னிடம், சாவிக் கொத்தைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். அவர்கள் கார் போன பிறகு ரோட்டோரத்தில் நாங்கள் இருவரும் நின்றோம். மன்னிப்புக் கேட்க நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவள் காத்திருக்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம் சார். நீங்க எங்க ஊருக்கு வாங்க."

"எதுக்கும்மா?"

"நான் எடுக்கலைன்னு நான் சொன்னா எவன் நம்புவான்? வெசாரிக்கக் கடையில இருந்துதான ஆளு வந்துச்சு. சொல்லவும் கடையில இருந்துதான் வரணும். போலீசு பேப்பரை டீக்கடையில ஒட்டவா முடியும்?"

நான் இனி கடை ஆள் இல்லை என்பது அப்போது இருவருக்கும் தெரியும். பஸ் ஏறினோம். அவள் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்றேன். ஒரு மணிக்கு இறங்கினோம்.

டீக்கடை வாசலில் ஆறேழு பேர் இருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் பேச்சு நின்றது. அவள் யாரையும் பார்க்காமல் நேரே நடந்தாள். வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். அப்பா வேப்ப மரத்தடியில், பறித்து வாடிய கத்தரிக்காயைக் கூடையிலிருந்து தரம் பிரித்துக்கொண்டிருந்தார். பூச்சி விழுந்தது ஒரு பக்கம், நல்லது ஒரு பக்கம். அவர் எழுந்திருக்கவில்லை. அவள் வீட்டுக்குள் போய்விட்டாள்.

நான் யார் என்று சொன்னேன். நடந்ததைச் சொன்னேன். காந்தம், தட்டு, ராகு காலம் என்று என் வழக்கப்படி வரிசையாக, நிமிடத்தோடு சொல்லிக்கொண்டு போனேன். அவர் கொஞ்ச நேரம் கேட்டார்.

"அதெல்லாம் எனக்கு வெளங்காது சார்" என்றார். "எம் மக எடுத்துச்சா, எடுக்கலையா?"

"எடுக்கல. அவங்ககிட்டக் குடுக்கச் சொன்னது நான். அந்தப் பிள்ளை நான் சொன்னதைத்தான் செஞ்சுச்சு."

"இது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"வெள்ளிக்கிழமையே தெரியும்."

அவர் ஒரு கத்தரிக்காயைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். என் கையைப் பிடித்தார். முரட்டுப் பிடி இல்லை. கண் தெரியாதவரை ரோட்டைத் தாண்டிக் கூட்டிப் போகும் பிடி. டீக்கடை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். கடைக்காரர் பாய்லரை விட்டு வெளியே வந்தார்.

"இங்கன சொல்லுங்க சார்" என்றார் அப்பா. "அங்க மெதுவாச் சொன்னீங்க. சத்தமாச் சொல்லுங்க."

நான் சொன்னேன். பாதியில் குரல் இறங்கிவிட்டது. முன்வரிசையில் இருந்த ஒருவர் காதுக்குப் பின்னால் கையை வைத்து, "என்னாங்கிறாரு?" என்று பக்கத்து ஆளைக் கேட்டார்.

"இன்னொரு தடவ" என்றார் அப்பா, என் கையை விடாமல்.